கதவுத் துணை

"அக்கா, உள்ளே தூங்கிட்டியா?"

"சும்மா இருடி."

"இல்ல, சத்தத்தையே காணோமேன்னு கேட்டேன். வரிசையில நிக்கிறவங்க எல்லாரும் என்னை முறைக்கிறாங்க. உள்ளே போயிருக்கிறது மகாராணி, மெதுவாத்தான் வருவாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

வெளியே சிரித்தார்கள். தையல்காரம்மாவின் குரல் தனியாகக் கேட்டது: "மகாராணிக்கு ராஜ்யம் நிக்காது. எனக்கு மிஷின் நிக்குதுடி."

நான் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்தேன். தகரக் கதவில், முன்பு தாழ்ப்பாள் இருந்த இடத்தில், நான்கு துளைகள். அவற்றில் மஞ்சள் நிறம் தெரிந்தது. என் தங்கை வேலை பார்த்த துணிக்கடையின் சீருடை. முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளிருந்து இரண்டு தட்டு தட்டினேன். மஞ்சள் விலகியது, கதவு திறந்தது, வெயில் முகத்தில் அடித்தது.

"வந்து சேர்ந்தியா! நகரு, என் முறை. நல்லா சாஞ்சு நில்லு. போன தடவை மாதிரி யாரையாவது பார்த்துக் கைகாட்டப் போயிடாதே, காத்து என் மானத்தை வாங்கிடும்."

நான் சாய்ந்து நின்றேன். அவள் உள்ளே இருந்தும் பேசிக்கொண்டேதான் இருந்தாள். அன்று காலை அவள் எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டதும், நான் அவளுக்குப் பிடித்துக்கொண்டதும்தான் கடைசித் தடவை. அன்று சாயங்காலம் விளக்கு போடுவதற்குள் அவள் இல்லாமல் போனாள்.

எங்கள் தெருவை அலுவலகத்தில் தெரு என்று ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுக்கு அது அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பின்புறக் காலியிடம். அந்தக் காலியிடத்தில் இரண்டு வரிசை வீடுகள், வீட்டுக்கு ஓர் அறை. அறைகளின் அடியில், தரைக்குக் கீழே, ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உயரமான குடியிருப்புகளுக்குப் போகிற தண்ணீர் அது. தரையில் காதை வைத்தால் ஓடுவது கேட்கும். தங்கை சின்னப் பிள்ளையாக இருந்தபோது குப்புறப் படுத்துக் காதை வைத்துக்கொண்டு, "அக்கா, யாரோ குளிக்கிறாங்க" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் குளிக்கிறாங்க" என்பாள்.

அந்தக் குழாயிலிருந்து எங்களுக்கு ஒரு கிளை கேட்டோம். தெருவுக்குப் பெயர் இருந்தால்தான் இணைப்பு என்றார்கள். பெயர் கேட்டோம். வடிகால் இருந்தால்தான் அது தெரு, தெருவுக்குத்தான் பெயர் என்றார்கள். வடிகால் கேட்டோம். தண்ணீர் இணைப்பு இல்லாத இடத்துக்கு எதற்கு வடிகால் என்றார்கள். இதைச் சொன்னவர்கள் மூன்று வெவ்வேறு ஜன்னல்களுக்குப் பின்னால் இருந்த மூன்று பேர். ஒவ்வொருவரும் பொறுமையாகவும் மரியாதையாகவும்தான் சொன்னார்கள். கோபப்பட ஓர் ஆள் கிடைக்காமல் திரும்பி வந்தோம்.

இணைப்புக்குப் பதிலாகக் கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள். தெருவின் கடைசியில், இரும்புக் கிராதிக் கதவு போட்ட சுற்றுச்சுவருக்குள், பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்குப் பின்பக்கம் ஒரு வரிசை. சுற்றுச்சுவரில் நீலமடித்து, பெரிய வெள்ளை எழுத்தில், தண்ணீரும் கழிப்பறையும் ஒவ்வொருவரின் உரிமை என்று எழுதினார்கள். எழுத்து மங்க விடுவதில்லை. வருடம் தவறாமல் ஆள் வந்து புதுப்பிக்கிறார்.

கழிப்பறையின் தொட்டிக்கும் தண்ணீர் லாரியில்தான் வரவேண்டும். தண்ணீர் இல்லாத நேரத்தில் திறந்து வைத்தால் நாற்றம், புகார், ஒப்பந்தக்காரருக்கு அபராதம். அதனால் லாரி தெருவில் நிற்கும் நேரம் மட்டும் திறந்திருக்கும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. லாரி முதலில் கழிப்பறைப் பக்கம் நின்று தொட்டியை நிரப்பும். பிறகு ஹாரன் அடித்துக்கொண்டு தெருவின் மறுமுனைக்குப் போய்க் குடங்களுக்கு ஊற்றும். லாரி கிளம்பியதும் சாவிக்காரர் பூட்டுவார். ஆக, தண்ணீர் பிடிக்கிற நேரமும் கழிப்பறைக்குப் போகிற நேரமும் ஒன்றே. ஒரு வீட்டில் ஆள் அதிகம் இருந்தால் சமாளிக்கலாம். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு இரண்டு பேர்தான்.

தாழ்ப்பாள்கள் திறப்பு விழா நடந்த வருடமே விழுந்துவிட்டன. மெல்லிய தகரத்தில் சின்ன ஆணி. இழுத்த இழுப்புக்குக் கையோடு வந்தன. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் வந்து பார்த்து, நாங்கள் கழற்றி விற்றுவிட்டதாகச் சொன்னார். "வெச்சா கழட்டிடறீங்க, அப்புறம் எதுக்கு வெக்கணும்?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. லேசாகக் காற்றடித்தாலே போதும், உள்ளே இருப்பவள் ஊருக்கே காட்சி.

அப்படி வந்ததுதான் எங்கள் தெருப் பெண்களின் கதவுத் துணை. யாரும் கூடிப் பேசி ஏற்படுத்திய வழக்கம் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். மழை வந்தாலும் நகரக் கூடாது. அம்மாவுக்கு மகள், நாத்தனாருக்கு அண்ணி, சண்டைக்காரிக்குச் சண்டைக்காரி. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒருவருக்கொருவர் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு விதியும் உண்டு. வெளியே நிற்பவள் ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் துணை போய்விட்டாளோ என்று உள்ளே இருப்பவள் கதவை எட்டிப் பிடிப்பாள்.

என் தங்கைக்கு அந்த விதியே தேவைப்படவில்லை. சினிமாக் கதை, கடைக்கு வந்த வாடிக்கையாளர் கதை, கனவில் வந்த கதை, எதுவும் இல்லாவிட்டால் எதிரே தெரிகிற காக்கையைப் பற்றி. தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். துணை இல்லாத பெண்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "ரேடியோ, கொஞ்சம் பிடிக்கிறியா?" அவளும் பிடிப்பாள். பக்கத்துக் கதவுகளுக்கும் சேர்த்து நிகழ்ச்சி நடத்துவாள்.

நாளடைவில் எங்கள் கண்ணும் பழகிவிட்டது. கதவை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. முன்னால் ஆள் நின்றால் உள்ளே ஆள் உண்டு. முன்னால் ஆள் இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. நாங்கள், எங்கள் பிள்ளைகள், சாவிக்காரர், எல்லோரும் அப்படித்தான் பார்த்தோம்.

*

தங்கைக்கு முதலில் வந்தது எரிச்சல். பிறகு முதுகுவலி. துணிக்கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற வேலை. கழிப்பறை மேல்மாடியில். போக வேண்டுமென்றால் தள மேலாளரிடம் கேட்க வேண்டும். ஆண். கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார். எல்லாப் பெண்களும் கண்டுபிடித்திருந்த வழி ஒன்றுதான்: தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வீட்டுக்கு வந்தாலும் அதே வழிதான். சாயங்காலக் கதவு மூடிவிட்டால் மறுநாள் காலைவரை வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. எனக்கும் அது பழக்கம்தான். நான் வேலை செய்வது தட்டச்சும் நகலெடுப்பும் செய்கிற சின்னக் கடையில். அங்கே கழிப்பறையே கிடையாது. பக்கத்து மருந்துக் கடைக்காரம்மாவுக்கு மனசு இருந்தால் உண்டு.

அரசு மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் பார்த்தார். கிருமி சிறுநீரகம்வரை போய்விட்டது என்றார். மாத்திரை எழுதினார். அதைவிட முக்கியம் என்று விரலை நீட்டிச் சொன்னார்: "தண்ணி நிறைய குடிக்கணும். வந்தா உடனே போகணும். அடக்கவே கூடாது. இன்னொரு தடவை இது திரும்பி வந்தா ரத்தத்துல ஏறிடும். அப்புறம் என் கையில இல்ல."

தங்கை பணிவாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும் மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி தேடறே?"

"தண்ணி எழுதியிருக்காரே, அது எந்த மெடிக்கல்ல கிடைக்கும்னு போடலையே அக்கா."

சிரித்துவிட்டேன். பிறகு பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சீட்டை மடித்து மடித்துப் பிரித்தாள். அவள் பேசாமல் வந்த ஒரே பயணம் அதுதான் என்று நினைக்கிறேன். குடித்தால் போக வேண்டும். போக இடமில்லை. குடிக்காவிட்டால் நோய். இதற்கு நடுவில் எங்கே நிற்பது என்று டாக்டருக்கும் தெரிந்திருக்காது.

வார்டு கூட்டம் வந்தது. நான் மனு தட்டச்சு செய்தேன். ஊருக்கெல்லாம் மனு தட்டுகிற எனக்கு எங்களுக்காகத் தட்டும்போது வார்த்தை வரவில்லை. கடைசியில் இரண்டே கோரிக்கை. லாரி போன பிறகும் கழிப்பறை திறந்திருக்க வேண்டும். கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும். தெருப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கூட்டம் நகராட்சி மாடியில். மேசைமேல் ஒவ்வொருவருக்கும் ஒரு தண்ணீர் பாட்டில். கவுன்சிலர் அம்மா மனுவை முழுதும் படித்தார், அதைச் சொல்லியாக வேண்டும். படித்துவிட்டு இன்ஜினியரைப் பார்த்தார்.

"லாரி ஒண்ணுதான்மா இருக்கு," என்றார் இன்ஜினியர். "ஒரே லாரி, ஒரே நேரத்துல ரெண்டு வேலை முடியுது. நாங்க யோசிச்சுத்தான் அப்படி வெச்சிருக்கோம்."

"லாரி மாதிரிதான் சார் நாங்களும்," என்றாள் தங்கை. "ஒரே உடம்புதான். ஆனா எங்களால ஒரே நேரத்துல ரெண்டு வரிசையில நிக்க முடியலையே."

கூட்டத்தில் சிரிப்பு. இன்ஜினியரும் சிரித்தார்.

"லாரி போன பிறகும் திறந்து வைக்கணும்னா இன்னொரு நடை தண்ணி வேணும். அது குடிநீர்ப் பிரிவு. நான் கட்டடப் பிரிவு."

"தாழ்ப்பாள் சார்?"

"கட்டடம் எங்களுது. கட்டி முடிச்சு ஒப்படைச்சாச்சு. தாழ்ப்பாள் பராமரிப்பு. அது ஒப்பந்தக்காரர்."

மேற்பார்வையாளர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "வெச்சா கழட்டிடறாங்க மேடம்."

"வெச்சுத்தான் பாருங்களேன் சார்," என்றார் தையல்காரம்மா. "கழட்டினா என்னைக் கேளுங்க. நான் கதவுக்குக் காவல் படுக்கறேன்."

கவுன்சிலர் அம்மா கையை உயர்த்தினார். "தண்ணீர் எல்லாருடைய உரிமை. அதுல ரெண்டாவது பேச்சுக்கே இடம் இல்ல. குறிப்பெடுத்துக்கிட்டோம்." அடுத்த மனுவைக் கையில் எடுத்தார்.

திரும்பிப் பார்த்தால் தங்கையைக் காணோம். படிக்கட்டருகே வெகுநேரம் காத்திருந்தோம். வந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"எங்கடி போனே?"

"இங்க ஒரு பாத்ரூம் இருக்கு. அக்கா, உள்ளே ரெண்டு தாழ்ப்பாள்! மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு."

"அதுக்கு இவ்வளவு நேரமா?"

"வேலை அப்பவே முடிஞ்சிடுச்சு. சும்மா உட்கார்ந்திருந்தேன். யாருமே அவசரப்படுத்தலைக்கா. மேல் தாழ்ப்பாளைப் போட்டேன், எடுத்தேன், கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டேன், எடுத்தேன். எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது."

தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மனு கொடுக்க வந்த இடத்துல தாழ்ப்பாளோட விளையாடிட்டு வர்றா பாரு." ஆனால் கீழே இறங்கும் முன் அவரும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

*

அதற்குப் பிறகுதான் தங்கை தானே தாழ்ப்பாள் செய்தாள். கடையில் துணிக் கட்டுகளைச் சுற்றி வருகிற பட்டை நாடாக்களைச் சேர்த்து முறுக்கி ஒரு கயிறு. கதவின் உள்பக்கக் கைப்பிடியில் ஒரு முனை, தண்ணீர்க் குழாயில் மறுமுனை. கடையில் மூட்டை கட்டுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். அறைக் கதவில் கட்டிக் காட்டி என்னை வெளியே நிற்கவைத்து இழுக்கச் சொன்னாள். மூச்சைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

"பார்த்தியா? இனிமே உன் தயவு எனக்கு வேணாம்."

"அப்ப எனக்கு யாருடி பிடிப்பா?"

"உனக்கு நான் பிடிக்கறேன். எனக்கு இது பிடிக்கும். சம்பளம் இல்லாத வேலைக்காரி."

கயிற்றை மடித்துச் சீருடைப் பையில் வைத்துக்கொண்டாள். ஆனாலும் நான் கூட இருக்கிற காலைகளில் பேச்சுத்துணைக்கு என்னைத்தான் கதவில் நிற்கவைத்தாள். மாத்திரை முடிகிறவரை உடம்பு தேறியது போலத்தான் இருந்தது.

அந்தக் கடைசி நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் எனக்கு முன்பே வந்து சுருண்டு படுத்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. தொட்டால் சுட்டது. நடுங்கிக்கொண்டிருந்தாள். கடையில் சொல்லிவிட்டுப் பாதியில் வந்துவிட்டதாகச் சொன்னாள். பக்கத்தில் செம்பு காலியாக இருந்தது. டாக்டர் சொன்னபடி குடித்திருக்கிறாள்.

"தண்ணி பிடிச்சதும் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், எழுந்து உட்காரு."

"அக்கா, எனக்கு இப்பவே போகணும்."

அப்போதுதான் லாரி மறுமுனைக்குப் போகிற ஹாரன் கேட்டது. தெருவில் எல்லோரும் குடங்களோடு ஓடுகிற சத்தம். வீட்டில் ஒரு சொட்டு இல்லை.

"ரெண்டு குடம் பிடிச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"நீ வரிசையை விடாதே. லாரி போயிட்டா பூட்டிடுவார்." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சீருடைப் பையைத் தட்டிக் காட்டினாள். "என் வேலைக்காரி இருக்கா. இப்ப அங்க கூட்டமும் இருக்காது, எல்லாம் குடத்துக்கு ஓடியிருக்கும். ரேடியோவை இன்னிக்கு நானே கேட்டுக்கறேன்."

நான் குடங்களை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் போனேன். அவள் மறுபக்கம் போனாள்.

லாரியில் அன்று தண்ணீர் மெதுவாக வந்தது. லாரிக்காரரிடம் யாரோ சண்டை போட்டார்கள். அவர் குழாயை மூடிவிட்டு, "மரியாதையாப் பேசினாத்தான் திறப்பேன்" என்று நின்றார். மரியாதையாகப் பேசினோம். திறந்தார். என் முறை வந்து, நிரப்பி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் திரும்பும்போது லாரி என்னைத் தாண்டிப் போனது. சாவிக்காரரும் எதிரே சைக்கிளில் போனார். "வரேம்மா" என்று தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.

அறையில் அவள் இல்லை. செருப்பும் இல்லை. கிராதிக் கதவுக்குப் போனேன். பூட்டு தொங்கியது. கிராதி வழியாகப் பார்த்தேன். சாவிக்காரர் பூட்டும் முன் நாய் நுழையாமல் இருக்க ஒவ்வொரு கதவையும் சாத்தி முட்டுக்கொடுத்து ஒரு செங்கல் வைப்பார். எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் செங்கல் இருந்தது. ஆள் யாரும் இல்லை. கூப்பிட்டும் பார்த்தேன். அவளைத் தேட எங்கள் தெருவில் யாரும் கண்ணைப் பயன்படுத்தியதில்லை, காது போதும். பேச்சுச் சத்தம் எங்கும் இல்லை. ஜுரத்துக்கு ஊசி போட முனையில் இருக்கிற சுகாதார நிலையத்துக்குப் போயிருப்பாள் என்று அங்கே ஓடினேன். வரவில்லை என்றார்கள்.

திரும்பி வரும்போது தையல்காரம்மா வாசலில் குடம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ரேடியோவைப் பார்த்தீங்களாக்கா?"

"நான் குடத்துக்கு ஓடி வர்றப்ப எதிர்ல போனாளே. நான் பிடிக்கட்டுமாடின்னேன். வேணாம்க்கா, உங்க வரிசை போயிடும்னா." சொல்லிக்கொண்டே வந்தவர் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். "திரும்பி வந்தாளா?"

ஓடினோம். யாரோ சாவிக்காரருக்குப் போன் போட்டார்கள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொழிற்சாலைக் காவலாளி கடப்பாரையோடு வந்து பூட்டை உடைத்தார். செங்கற்களைக் காலால் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு கதவாக இழுத்தோம். எல்லாம் திறந்தன. ஒன்று திறக்கவில்லை. தையல்காரம்மா குனிந்து ஒரு துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"மஞ்சள் தெரியுது," என்றார்.

இழுத்தோம். நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. நல்ல கயிறு அது. தையல்காரம்மா வீட்டுக்கு ஓடித் துணி வெட்டும் பெரிய கத்தரியைக் கொண்டுவந்து, கதவின் இடுக்கில் விட்டு வெட்டினார். கதவு திறந்தது. அவள் குழாய் ஓரமாகச் சாய்ந்து கிடந்தாள். உடம்பு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது, அதனால் எனக்கு நம்பிக்கை இருந்தது. காவலாளி தூக்கிக்கொண்டு பெரிய சாலைவரை ஓடினார்.

மருத்துவமனையில் அதே இளம் டாக்டர்தான் இருந்தார். "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்தி..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

*

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். உள்ளே வரவில்லை, கிராதிக் கதவருகே நின்றே கேட்டார்.

"கயிறு உள்பக்கம் கட்டியிருந்தது, இல்லையா?"

"ஆமா சார்."

"கட்டினது அவங்கதானே?"

"ஆமா சார்."

"வெளியிலேர்ந்து யாரும் அடைக்கலை?"

"பூட்டினாங்க சார்."

"அது நேரப்படி பூட்டறது. நான் கேக்கறது, கதவை யாராவது வெளியே..."

"செங்கல் வெச்சிருந்தாங்க சார்."

"செங்கல் எல்லாக் கதவுக்கும் வைக்கிறதுதானேம்மா." அவர் குரல் கனிவாகத்தான் இருந்தது. "தாழ்ப்பாள் இருந்திருந்தாலும் உள்ளே பூட்டித்தானே இருந்திருக்கும்?"

எனக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. தாழ்ப்பாள் இருந்திருந்தால் நாங்கள் கதவைப் பார்த்திருப்போம், கதவுக்கு முன்னால் ஆளைத் தேடியிருக்க மாட்டோம். சாத்திய கதவைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இருந்திருக்கும். சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். சந்தர்ப்ப சூழ்நிலையால் நேர்ந்த மரணம் என்று முடிந்தது.

சாவிக்காரர் ஒரு மத்தியானம் வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"மூணு தடவை கூப்பிட்டேன்மா. யாராச்சும் உள்ளே இருக்கீங்களான்னு. எப்பவும் கூப்பிடற மாதிரி."

"தெரியும்ணே."

"கதவுகிட்ட ஆள் இல்ல. ஆள் இல்லைன்னா..."

"தெரியும்ணே. நானும் பார்த்தேன்."

"அந்தச் செங்கல்லை என் கையாலதாம்மா வெச்சேன்." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் ஒருவரைத்தான் எடுத்தார்கள்.

கொஞ்ச நாள் கழிப்பறை பகல் முழுக்கத் திறந்திருந்தது. கவுன்சிலர் அம்மா நேரில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், உண்மையாகவே அழுதார். பிறகு தண்ணீர் போதவில்லை, நாற்றம் என்று புகார் போயிற்று, பழைய நேரத்துக்கே வந்தது. உடைத்த பூட்டுக்குப் பதில் அதைவிடப் பெரிய பூட்டு போட்டார்கள். புதுச் சாவிக்காரர் கையில் கம்பு வைத்திருக்கிறார், பூட்டும் முன் ஒவ்வொரு கதவிலும் ஓங்கி அடிக்கிறார். அந்தச் சத்தம் என் அறைவரை கேட்கும். சுவரில் எழுத்தை இந்த வருடமும் புதுப்பித்தார்கள். வண்ணம் அடிப்பவரிடம் தையல்காரம்மா, "மிச்சமிருந்தா கதவு ஓட்டையையும் அடைச்சுட்டுப் போங்க தம்பி" என்றார். அவர் கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

வேறு இடம் பார்த்துக்கொண்டு போயேன் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தேன். என்னால் குடியிருக்க முடிகிற இடத்திலெல்லாம் ஒரு கிராதியும் ஒரு பூட்டும் இருக்கின்றன. சில இடங்களில் கிராதிகூட இல்லை. திரும்பி வந்துவிட்டேன். இங்கே குழாயின் சத்தமாவது பழகியது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் தரைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரோ இன்னும் குளிக்கிறார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு நான் தண்ணீர் குடிப்பதில்லை.

இப்போது எனக்குத் தையல்காரம்மா பிடிக்கிறார். அவருக்கு இரண்டு பெண்கள், ஒருத்தி குடத்துக்கு ஒருத்தி கதவுக்கு என்று அந்த வீடு சமாளித்துக்கொள்ளும். ஆனாலும் காலையில் என் அறை வாசலில் வந்து நின்று, "வாடி மகாராணி" என்பார். அவருக்குப் பேச்சு வராது. துணியின் அளவுகளை முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்: தோள் இவ்வளவு, கை இவ்வளவு, உயரம் இவ்வளவு. நடுவில் ஏதாவது யோசனை வந்தால் முணுமுணுப்பும் நின்றுவிடும். அப்போது நான் நிமிர்ந்து கதவைப் பார்ப்பேன். நான்கு துளைகளிலும் அவருடைய புடவையின் நிறம் தெரியும், நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

இன்று காலை அது பச்சை.

துளைகள் நான்கும் அப்படியே இருக்கின்றன. தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை.